இரண்டாவது லோடு

கொரோனா ஊரடங்கு. செவ்வாய்க்கிழமை, இரவு.

எங்கள் கேரளத்துப் பாறசாலைக்கு அப்புறம் தமிழ்நாட்டுக்குள் போகும் இடவழிகளில் ஒன்றை இன்று அடைத்தோம். மண்ணைத் தட்ட டிப்பர் வந்தது. மேற்பார்வைக்குப் பஞ்சாயத்து ஆபீஸிலிருந்து என்னை அனுப்பியிருந்தார்கள்.

முதல் லோடு விழுந்ததும் அந்தப் பக்கத்து ஸ்டெல்லா அக்கா குடமும் செம்புமாக மண்மேட்டில் ஏறி இறங்கி வந்தாள். அவள் வீடு தமிழ்நாட்டில். தண்ணீர் எடுக்கும் கிணறு கேரளத்தில். நடுவில் இந்த இடவழிதான்.

“தண்ணி கோரவும் பாஸ் வேணுமா மக்கா?”

“மேலெ உள்ள உத்தரவாக்கும் அக்கா. நான் என்ன செய்ய?”

அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குடத்தை நிறைத்தாள். செம்பில் தண்ணீர் கோரி என்னிடம் நீட்டினாள்.

“காலத்தே இருந்து வெயிலிலே நிக்குதியே. குடி.”

மாஸ்க்கை இறக்கிவிட்டுக் குடித்தேன். அவள் குடத்தோடு மேடேறி அந்தப் பக்கம் இறங்கினாள்.

“சாறே, அடுத்த லோடு தட்டட்டா?” என்றான் டிரைவர். தலையாட்டினேன். மேடு ஆள் உயரத்துக்கு ஏறியது.

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால் உள்ளே அவளுடைய செம்பு. எப்போது வைத்தேன் என்று தெரியவில்லை. கொண்டுபோய்க் கொடுக்க இனி எனக்கும் பாஸ் வேண்டும்.