கதவை மாற்றித் தர வேண்டும்

டன்மோர்,
அக்டோபர் 9, 1996

அன்புள்ள மகள் ரோண்டாவுக்கு,

அம்மா ஆர்லீன் எழுதுவது. நான் நலம். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டால் பொய்தான் எழுதுவாய் என்பதால் கேட்கவில்லை. உனக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் சிறைக் காவலருக்கும் என் வணக்கம். படித்துவிட்டு ஒழுங்காக மடித்து வையுங்கள் ஐயா. போன கடிதம் அவளிடம் கைக்குட்டை மாதிரி கசங்கிப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

நாய் ஹாங்க் நன்றாக இருக்கிறது. உன் பழைய செருப்பைக் கடிக்கக் கொடுத்தேன். கடிக்காமல் தலைக்கு வைத்துத் தூங்குகிறது. பீன்ஸ் எல்லாம் பறித்துப் புட்டிகளில் அடைத்தாகிவிட்டது. மாதா கோயிலில் என் பக்கத்து இடம் இப்போது காலியாகவே இருக்கிறது. யாரும் வந்து உட்காருவதில்லை. நல்லதுதான், கால் நீட்டிக்கொள்ளலாம்.

அந்த ராத்திரியைப் பற்றி ஒரு வரிகூட எழுதக் கூடாது என்று வக்கீல் பெண்ட்லி சொல்லியிருக்கிறார். எழுத மாட்டேன். பேப்பரில் வந்ததை எழுதலாம் அல்லவா. உன் புருஷன் ராய்ஸ் செத்தான், துப்பாக்கி உன் கையில் இருந்தது. குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு நீ நின்றாய், அவன் வெளியே கோடாலியால் கதவைப் பிளந்தான் என்பது உன் வாக்குமூலம். கதவு போன வருடமே வாஷிங் மெஷின் தூக்கும்போது உடைந்தது, உடைத்ததே நான்தான் என்று அவன் தம்பி டாரெல் பைபிளில் கை வைத்துச் சொல்லியிருக்கிறான். போலீஸுக்கு முன்னால் அங்கே வந்து சேர்ந்தவன் டாரெல். கோடாலி இதுவரை கிடைக்கவில்லை. அது எங்கே போயிருக்கும் என்று நான் எழுதக் கூடாது, எழுதவில்லை.

போன ஞாயிறு போனில் நீ சொன்னது என்னைத் தூங்கவிடவில்லை. “அலுத்துப்போச்சும்மா. ஒத்துக்கிட்டா பதினஞ்சு வருஷம்னு சொல்றாங்க. கையெழுத்துப் போட்டுடறேன்” என்றாய். உனக்கு முப்பத்தொரு வயது. வெளியே வரும்போது நான் மண்ணுக்குள் இருப்பேன், ஹாங்க்கும் இருக்காது. நவம்பர் 14 வியாழன் வரை அவர்கள் கெடு கொடுத்திருக்கிறார்கள். அதுவரை பேனாவைத் தொடாதே.

போன மாதத் தொடக்கத்திலேயே வக்கீலிடம் போய் மேசையைத் தட்டியிருந்தேன். அவருக்குக் கழுத்து வரை கேஸ். “அவன் இதுக்கு முன்னாடி இன்னொரு பொண்டாட்டியையும் இப்படித்தான் பண்ணினான்னு காட்டுனா ஜூரில ஒக்கார்ற நடுவர்கள் கேப்பாங்கம்மா. பழைய விவாகரத்து ஃபைல் இருந்தா, கோர்ட்டு முத்திரை போட்ட நகல் வாங்கிட்டு வாங்க. வெறும் ஜெராக்ஸ் வேணாம்” என்றார். உனக்கு முன்னால் ஷெரி என்று ஒருத்தி இருந்தாள், டன்மோரில்தான் கல்யாணம் நடந்தது என்று நமக்குத் தெரியுமே. அதனால் நேரே நம் டன்மோர் கவுண்டி கோர்ட்டுக்குப் போனேன்.

அங்கேதான் முட்டாளானேன். மனு எழுதி, பணம் கட்டி, வாரக்கணக்கில் காத்திருந்தால், அப்படி ஒரு வழக்கே இல்லை என்று பதில் வருகிறது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் சத்தம் போட்டேன். அவள் சூயிங் கம்மை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிவிட்டு, “எல்லாரும் இதே தப்பதான் பண்றாங்க. கல்யாணம் எங்க நடந்துச்சோ அங்க கல்யாணச் சீட்டுதான் இருக்கும். பிரிஞ்ச காயிதம், யாரு கேஸ் போட்டாங்களோ அவங்க அப்போ குடியிருந்த கவுண்டில கெடக்கும். இந்த மாநிலத்துல நூத்துக்கு மேல கவுண்டி இருக்கு, பாத்துக்குங்க” என்றாள். கல்யாணச் சீட்டின் நகலையாவது கொடு என்று வாங்கி வந்தேன். வெறுங்கையோடு திரும்ப எனக்குப் பிடிக்காது.

குளிருக்குக் கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். நீலம் உனக்கு, பச்சை உன் அறைத்தோழிக்கு.

உன் நலத்துக்காக மண்டியிடும்,
அம்மா


டன்மோர்,
அக்டோபர் 27

அன்பு ரோண்டா,

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்பு. இடது கையால் எழுதுகிறேன். வலது கை தோளிலிருந்து கட்டித் தொங்குகிறது. பயப்படாதே, முறியவில்லை, கழன்றது. திரும்ப மாட்டிவிட்டார்கள். எப்படி என்று பிறகு சொல்கிறேன், முதலில் நல்ல சேதி.

ஷெரியின் ஃபைல் கிடைத்துவிட்டது.

எப்படிக் கண்டுபிடித்தேன் தெரியுமா. கல்யாணச் சீட்டை அடுப்படி மேசையில் விரித்து வைத்து யோசித்தேன். அடி வாங்கிய பெண் எங்கே ஓடுவாள்? அதில் அவள் அம்மாவின் ஊர் எழுதியிருந்தது. அந்தக் கவுண்டி கோர்ட்டுக்கு ஓட்டிப் போனேன். இல்லை. திரும்பி வரும் வழியில், பெட்ரோல் பங்கில் நின்றபோதுதான் உறைத்தது. அம்மா வீட்டுக்கு ஓட மாட்டாள். அங்கேதானே அவன் முதலில் வருவான். அம்மாவையும் சேர்த்து அடிப்பான். அதனால்தான் நீயும் என்னிடம் வரவில்லை. அது புரிந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வாய்விட்டு அழுதேன். பங்குக்காரன் எனக்கு மாரடைப்பு என்று நினைத்துத் தண்ணீர் கொண்டு வந்தான்.

சீட்டின் கடைசியில் சாட்சிக் கையெழுத்து போட்ட மணப்பெண் தோழியின் பெயரும் ஊரும் இருந்தன. அவள் ஊர் ஆஷ்லோ கவுண்டியில். மறுநாளே போனேன். பழைய வழக்குகளின் பெயர்ப் புத்தகத்தில், கேஸ் போட்டவர் பெயர் வரிசையில், ஷெரி ஸ்டாம்பர் என்று இருந்தது.

ஃபைலை வாங்கி அங்கேயே நின்று பிரித்தேன். பிரித்த பிறகு எரிச்சல்தான் வந்தது. அடி, உதை என்று ஒரு சொல் கிடையாது. “இருவருக்கும் ஒத்துப்போகவில்லை.” அவ்வளவுதான். அவளுடைய வக்கீல், வம்பு வேண்டாம், சீக்கிரம் முடித்துக்கொள் என்று சொல்லியிருப்பான். ஒத்துப்போகவில்லையாம். கோடாலிக்கும் கதவுக்கும் ஒத்துப்போகவில்லை என்று எழுதியிருக்கலாம்.

மூடிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அவ்வளவு தூரம் போனவள், கடைசிப் பக்கம் வரை படித்தேன். யாருக்குக் கார், யாருக்குச் சோபா என்று பிரித்த பக்கம். வேட்டைத் துப்பாக்கிகள் அவனுக்கு, தையல் மெஷின் அவளுக்கு. அதற்கடியில் ஒரு வரி: “வீட்டை விற்பதற்கு முன், குளியலறைக் கதவையும் நிலையையும் கணவர் தம் சொந்தச் செலவில் மாற்றித் தர வேண்டும்.”

ரோண்டா, அந்த வரியை நான் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தேன். ஷெரிக்கு வாஷிங் மெஷினே கிடையாது, சாமான் பட்டியலில் இல்லை. முத்திரை குத்திய நகல் இரண்டு வாங்கினேன்.

இன்னொன்றும் இருந்தது. மனுவில், கணவருக்கு இது இரண்டாவது திருமணம், முதல் விவாகரத்து நடந்த கவுண்டி இன்னது என்று ஷெரி எழுதியிருந்தாள். உன்னைக் கட்டும்போது ஷெரி ஒருத்தியைத்தான் சொன்னான். ஒரு பெண்ணை முழுசாக விழுங்கிவிட்டான்.

இனி கை விஷயம். டன்மோர் கோர்ட்டில் சூயிங் கம் மென்றாளே, அவள் டாரெலின் மனைவிக்கு ஒன்றுவிட்ட தங்கையாம். ராய்ஸின் பழைய கேஸை நான் தோண்டுகிறேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை மளிகைக்கடை வாசலில் வண்டியில் ஏறும்போது டாரெல் பின்னால் வந்தான். என் முடியைப் பிடித்து வண்டிக் கதவில் முகத்தை மோதினான். “செத்தவன சும்மா விட மாட்டியா கெழவி. அந்தக் காயிதத்த எடு” என்றான். எடுக்கவில்லை என்றதும் கையைப் பின்னால் முறுக்கினான். தோள் கழன்ற சத்தம் எனக்கே கேட்டது. காகிதம் என் சட்டைக்குள் இருந்தது. அவன் அங்கே கை வைத்தபோது, வண்டி இருக்கையில் மூடி திறந்திருந்த காப்பிக் குடுவையை இடது கையால் எடுத்து அவன் முகத்தில் கவிழ்த்தேன். கொதிக்கக் கொதிக்கப் போட்ட காப்பி. அவன் அலறியது கடைக்குள் கறி வெட்டுகிறவன் வரை கேட்டிருக்கிறது. கீழே விழுந்தவன் எழுந்து ஒரு இரும்புக் கம்பியால் வண்டிக் கண்ணாடி மொத்தத்தையும் உடைத்துவிட்டுத்தான் போனான்.

வந்த போலீஸ்காரன், நான் படியில் தடுக்கி விழுந்ததாக எழுதிக்கொண்டு போயிருக்கிறான். படியே இல்லாத கடை அது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் நீ திட்டுவாய். ஆனாலும் எழுதுகிறேன். அவன் கத்தியபோது எனக்குக் கொஞ்சம்கூடப் பாவமாக இல்லை. இத்தனை நாள் உன் உடம்பில் விழுந்ததில் ஒரு துளியையாவது அந்த வீட்டுக்குத் திருப்பிக் கொடுத்தேன். ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும்.

கையெழுத்துப் போடாதே.

அம்மா


டன்மோர்,
நவம்பர் 8

என் கண்ணே ரோண்டா,

இந்தக் கடிதம் வியாழனுக்கு முன் உன் கைக்கு வர வேண்டும். காவலர் ஐயா, மெதுவாகப் படிக்க வேண்டாம், இன்றைக்கே கொடுத்துவிடுங்கள். உங்களுக்கும் மகள் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன்.

முதல் மனைவி உயிரோடு இருக்கிறாள். பெயர் டீனா. ஊர்ப் பெயரை எழுத மாட்டேன், காரணம் என் தோளில் தொங்குகிறது. அந்தக் கவுண்டி கோர்ட்டில் ஃபைல் தூசி படிந்து கிடந்தது. அதிலும் ஒத்துப்போகவில்லை என்ற அதே பாட்டுதான். நான் நேரே சாமான் பக்கத்துக்குப் போனேன். வாடகை வீடு போலிருக்கிறது. “வீட்டுக்காரரிடம் சாவியை ஒப்படைப்பதற்கு முன், குளியலறைக் கதவைக் கணவர் மாற்றித் தர வேண்டும்.” மூன்று பெண்கள், மூன்று வீடுகள், மூன்று கதவுகள். டாரெல் எத்தனை வாஷிங் மெஷின் தூக்கினான் என்று இனி அவனிடம்தான் கேட்க வேண்டும்.

வக்கீலுக்குக் காட்டினேன். முதன்முறையாக அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். ஆனால், “காயிதம் பேசாதும்மா. அந்தக் கதவு ஏன் ஒடஞ்சதுன்னு சொல்ல ஆள் வேணும். இல்லேன்னா ஜட்ஜ் இத உள்ளயே விட மாட்டார்” என்றார். ஷெரி மேற்கே எங்கோ போய்விட்டாள், தோழிக்கே முகவரி தெரியாது. மிச்சம் டீனா ஒருத்திதான்.

அவள் வீட்டு வாசலில் காத்திருந்தேன். கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை முடிந்து ரப்பர் பூட்ஸோடு வந்தாள். ராய்ஸ் பெயரைச் சொன்னதும் கதவை என் முகத்தில் சாத்தினாள். நான் அவள் ஃபைல், ஷெரி ஃபைல் இரண்டின் நகலையும் கதவுக்கடியில் தள்ளிவிட்டு வாசலில் உட்கார்ந்தேன். முழங்கால் மரத்துப்போகும் வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. “இது யாரு, ஷெரி?” என்று கேட்டாள். உனக்கப்புறம் வந்தவள், அவளுக்கப்புறம் வந்தவள் என் மகள் என்றேன்.

“உங்க பொண்ணு எந்தப் பக்கம் நின்னா?” என்றாள்.

உள்ளே என்றேன்.

அதன் பிறகு சங்கிலியை எடுத்தாள். நின்றபடியே சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ மட்டும் இல்லை என்று உனக்குத் தெரிய வேண்டும். “நான் குளிக்கிற தொட்டிக்குள்ள படுத்துக்கிட்டேன். மொதல்ல கீழ்ப்பலகை போச்சு. ஓட்டை வழியா குனிஞ்சு பாத்து சிரிச்சான். அப்புறம் கைய விட்டுத் தாழ எடுத்தான். என் தாடைல இப்பவும் கம்பி இருக்கு, குளிருக்கு வலிக்கும். வயித்துல இருந்தது போயிடுச்சு. உங்க பொண்ணு கைல அன்னிக்கு ஒண்ணு இருந்துச்சு, என் கைல இல்ல. அவ்ளோதான் வித்தியாசம்.”

நல்ல கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கோழி வாடை அடித்தது, விடவில்லை.

கோர்ட்டுக்கு வருவாயா என்று கேட்டதும் போய் வாசல் சங்கிலியைத் திரும்ப மாட்டினாள். அப்புறம், “நானா வந்தேன்னு அவன் தம்பிக்குத் தெரிஞ்சா என்னைக் கொளுத்திடுவான். வக்கீல சம்மன் அனுப்பச் சொல்லுங்க. சம்மன் வந்தா நான் வந்துதானே ஆகணும்” என்றாள். கடைசியில் லேசாகச் சிரித்தாள், தாடை ஒரு பக்கம்தான் அசைந்தது. சம்மன் நேற்றே போய்விட்டது. இன்று காலை அவளே போன் செய்து, கையில் வாங்கிவிட்டேன் என்றாள். என்ன உடுத்திக்கொண்டு வர வேண்டும் என்றும் கேட்டாள். என் நீலச் சட்டையைத் தருகிறேன் என்றேன்.

ரோண்டா, நீ அலுத்துப்போயிருப்பது எனக்குத் தெரியும். ஜெயிப்போம் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. நடுவர்களில் டாரெலுக்குச் சொந்தம் யாரும் இருக்கக் கூடாது என்று வக்கீல் பார்த்துக்கொள்வாராம், அதுவும் இந்தச் சின்ன ஊரில் நிச்சயமில்லை. ஆனால் வியாழக்கிழமை அவர்கள் பேனாவை நீட்டினால், தன்னை யாரும் தேடி வரவே கூடாது என்று இத்தனை வருடம் ஒளிந்திருந்த ஒருத்தி, உனக்காகச் சட்டை கடன் கேட்டிருக்கிறாள் என்பதை நினைத்துக்கொள்.

உன் அறையை வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். ஒற்றைக் கையால் அடித்தது, திட்டுத் திட்டாக இருக்கும், குறை சொல்லாதே. குளியலறைத் தாழ்ப்பாளை நேற்று திருப்புளியால் கழற்றி எறிந்துவிட்டேன். இந்த வீட்டில் நானும் ஹாங்க்கும்தான். கதவைத் திறந்து போட்டுவிட்டு, வெந்நீர் தீரும் வரை நீ நிம்மதியாகக் குளிக்கும் நாளை ஆண்டவர் உனக்குத் தரட்டும்.

கையெழுத்துப் போடாதே, மகளே.

என்றும் உன்,
அம்மா