பத்தாவது படம்

சிவகாசி, நவம்பர் 9. ஸ்டுடியோ கொடுத்த நாட்காட்டியில் இன்றைய தாளே கூப்பன். கொண்டுபோனால் ஐந்து படத்தின் விலைக்குப் பத்துப் படம் போட்டுத் தருவார்கள்.

சினேகா அப்பாவுக்கு,

இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. சாவி ஜன்னலில். தூறல் நிற்கவில்லை. தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனி வேனும் வராததால் தெரு இன்னும் உறக்கத்தில் கிடக்கிறது. நம்மிடம் சொல்லாமல் கல்யாணம் முடித்த மகள் போனுக்குள் மாலையோடு சிரிக்கிறாள். வாசலில் நின்று சிரிப்பதுபோலவே இருக்கிறது.

"அதான் போன்ல கெடக்குல்ல, செவுத்துல வேற மாட்டணுமாக்கும்" என்றீர்கள் நேற்று. விடிந்து பார்த்தால் கூப்பன் தாளைக் காணோம். கோபத்தில் கிழித்துப் போட்டுவிட்டீர்கள் என்று அழுதேன். கொடியில் கிடந்த உங்கள் சட்டைப்பையில், நனையாதபடி பாலிதீன் கவரில் மடித்து வைத்திருக்கிறீர்கள். நீங்களே போவதாக இருந்தீர்களா? நானே போகிறேன், தூங்குங்கள். அவள் தனியாக நிற்கும் ஒன்பதை எடுத்து வைத்திருக்கிறேன். பத்தாவது எதுவென்று தெரியவில்லை.

பி.கு.: நான் செருப்பு மாட்டும்போது, கண்ணைத் திறக்காமலே, "மாப்ளகூட நிக்காள்ல, அதயும் போடு" என்றீர்கள். தூக்கத்தில் சொன்னீர்களோ என்னவோ, அதையும் சேர்த்துவிட்டேன். பத்தும் ஆயிற்று.