என் பேரை அடித்த கையெழுத்து

ஆரியசாலை,
திருவனந்தபுரம்.
கொல்லம் 1109ஆம் ஆண்டு மாசி மாதம் 9ஆம் தேதி

சிரஞ்சீவி தாணுமாலயனுக்கு அம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதுவதுதான் முறை, முறைக்காக எழுதிவிட்டேன். வேளைக்குச் சாப்பிடுகிறேன், முழங்கால் வலி முன்னைக்கு இப்போது குறைவு. மனசைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அங்கே நீயும் கோமதியும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குழந்தைக்குக் காது குத்தியதைக் கோமதி எழுதியிருந்தாள், குத்தின இடம் சீழ் பிடிக்காமல் தேங்காயெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போடச் சொல், பம்பாயில் நல்ல மஞ்சள் கிடைக்காவிட்டால் எழுதச் சொல், அனுப்புகிறேன். சாம்பசிவ ஐயர் மகன் லீவு முடிந்து மாட்டுங்காவுக்குத் திரும்புகிறான், அவனிடம் கோமதிக்கென்று உப்பு நார்த்தங்காயும் கூழ்வற்றலும் கொடுத்துவிட்டிருக்கிறேன். உனக்கென்று ஒன்றும் கொடுத்துவிடவில்லை. உன்மேல் எனக்குக் கோபம் தாணு. உன்னைப் பெற்ற இந்த இருபத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு கோபம் எனக்கு வந்ததில்லை. ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று பத்து நாள் பார்த்தேன். ஆறவில்லை.

உனக்கு விஷயம் பாதிதான் தெரியும், மீதியையும் நான் சொல்கிறேன். நம் ஊர் நகரசபைச் சட்டத்தை மாற்றப் போகிறார்கள் என்று கார்த்திகை மாதத்திலிருந்தே பேச்சு. இனிமேல் எல்லா அதிகாரமும் சர்க்கார் நியமிக்கிற ஒரு கமிஷனர் கையில். நாம் ஓட்டுப் போட்டு அனுப்புகிற மெம்பர்கள் பாதியாகக் குறைந்துபோவார்கள், மீதிப் பாதி நியமனம். அதோடு, வருஷத்துக்கு ஐந்து ரூபாய்க்குக் குறையாமல் வரி கட்டுகிறவர்களுக்குத்தான் இனி ஓட்டு, மெம்பராக நிற்பதற்கும் அதே கணக்கு. இது சம்மதமா இல்லையா என்று இப்போது வரி கட்டுகிறவர்களிடமே கேட்பது என்று தீர்மானித்து, தை மாதக் கடைசியில் நாள் குறித்தார்கள். உன் திரவியம் மாமாவுக்கு ஒரே சந்தோஷம். என் கூடப் பிறந்தவன்தான், ஆனாலும் சொல்கிறேன், அவனுக்கு ஊர் நன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை. கயிற்றுக்கடை நேசையன் நம் வார்டு மெம்பராக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான், சாலைக் கடைவீதியில் மூன்று மொத்தக்கடை வைத்திருக்கிற தான் அவன் முன்னால் போய் மனுக் கொடுக்க வேண்டியிருக்கிறது, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

ஒரு நாள் காலையில் முத்தாரம்மாள் வந்தாள். நம் சந்து முனையில் ஆப்பம் சுட்டு விற்கிற முத்தாரம்மாளை நீ மறந்திருக்க மாட்டாய், பள்ளிக்கூடம் போகும்போது தினமும் அவளிடம் ஓர் ஆப்பம் வாங்கித் தின்றுகொண்டே போவாய். சுவரில் ஒட்டியிருந்த ஒரு நோட்டீசைப் பசையோடு பிய்த்துக் கொண்டுவந்து, இதில என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுங்கம்மா, காலையிலேருந்து கடைக்கு வாற ஆம்பிளைக என்னைப் பாத்துச் சிரிக்கானுவ என்றாள். நானும் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தேன். பம்பாயிலிருந்து நம்மூர்ப் பட்டதாரி எழுதுகிறார் என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பம்பாயில் கமிஷனர் ஒருவரே எல்லாவற்றையும் நடத்துகிறார், அங்கே தெருவெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கிறது, சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் ஆப்பம் விற்கிறவளிடமும் கயிறு திரிக்கிறவனிடமும் போய் ஓட்டுக் கேட்பது நாகரிக தேசத்தில் நடக்கிற காரியமில்லை என்று இருந்தது. அடியில் உன் பேரும் பி.ஏ.யும் இருந்தது. அதை வாசிக்கும்வரை எனக்குத் தெரியாது. வாசித்தபிறகு விழுங்கவும் முடியவில்லை. நம்ம தாணுப் பிள்ளையா என்று மட்டும் முத்தாரம்மாள் கேட்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மாமாவுக்கு வீட்டுக் கடிதமாக எழுதியதை அவன் அச்சுப் போட்டுவிட்டான் என்று நீ சொல்வாய். சரி, அச்சுப் போட்டது அவன். எழுதியது யார்?

நீ எழுதிய அந்தச் சாக்கடையைப் பற்றியே சொல்கிறேன். உன் அக்காள் விஜயம் போனபோது உனக்கு ஐந்து வயசு, உனக்கு அவள் முகம்கூட ஞாபகமிருக்காது. நம் கிணற்றுக்கும் தெரு ஓடைக்கும் நாலு முழம்தான் இடைவெளி. ஓடைக்குக் கட்டுமானமும் கிடையாது, மூடியும் கிடையாது. அந்த வருஷம் இடவப்பாதி மழையில் ஓடை பொங்கிக் கிணற்றில் இறங்கியது. மூன்றாம் நாள் சந்தில் வாந்திபேதி வந்தது. காலையில் பாவாடை கட்டிக்கொண்டு கோலம் போட்ட பெண், மறுநாள் விடிவதற்குள் போய்விட்டாள். ஒன்பது வயசு. உன் அப்பா ஓடையைக் கட்டித் தரச் சொல்லி மனு எழுதினார். அப்போது சபையில் இருந்தவர்கள் எல்லாம் சர்க்கார் நியமித்த பெரிய மனிதர்கள், எல்லாரும் உன்னைப்போலப் படித்தவர்கள். அப்பா தலைப்பாகை கட்டிக்கொண்டு அவர்கள் பங்களா வாசலில் போய் நிற்பார், எஜமான் சாப்பிடுகிறார், எஜமான் தூங்குகிறார் என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். ஏழு வருஷம் ஏழு மனு. ஒருவர் வந்து ஓடையை எட்டிப் பார்த்ததில்லை. இன்னும் மூன்று குழந்தைகள் அந்தச் சந்திலிருந்து போயின. அப்புறம்தான் வார்டுக்கு ஓட்டு என்று வந்தது. நேசையன் வந்து அப்பாவிடம் ஓட்டுக் கேட்டான். வாசல்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, நான் ஜெயிச்சா முதல் வேலை இந்த ஓடைதான் அய்யா, செய்யலேண்ணா அடுத்த தடவை என் மூஞ்சியில காறித் துப்புங்க என்றான். சொந்தக்காரர்கள் எல்லாரும் முறைத்துக்கொண்டார்கள், அப்பா அவனுக்குத்தான் போட்டார். பத்து மாதத்தில் கல் கட்டி மேலே பலகைக்கல் போட்டு மூடினான். அளவெடுக்க அவனே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடைக்குள் இறங்கி நின்றதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு இந்தச் சந்தில் வாந்திபேதியில் யாரும் சாகவில்லை. காறித் துப்ப எனக்கு ஒரு முகம் இருக்கவேண்டும் தாணு. நாளைக்கு வருகிற கமிஷனரின் முகத்தை நானும் முத்தாரம்மாளும் எங்கே போய்ப் பார்ப்பது?

அன்றைக்கே திரவியம் கடைக்குப் போனேன். புளி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். என் பிள்ளை கடிதத்தை எதற்கு அச்சடித்தாய் என்று கேட்டதும், கடையில் நின்றவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அக்கா, ஒனக்கெதுக்கு இந்த வேல, வீட்டுல இருந்து நாமம் சொல்லிக்கிட்டிருந்தாப் போராதா என்றான். விஜயம் செத்தது மறந்துபோச்சா என்று கேட்டேன். அது தலையெழுத்து, அதுக்கும் ஓட்டுக்கும் என்ன சம்பந்தம் என்றான். அவளை மயானத்துக்குத் தூக்கிக்கொண்டு போனதே அவன்தான். எனக்கும் ஒரு ஓட்டு உண்டு, அதை உனக்கு எதிராகத்தான் போடுவேன் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். அதற்கு அவன் சிரித்தான். ஏன் சிரித்தான் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அப்புறம் பன்னிரண்டு நாள் நான் வீட்டில் இருக்கவில்லை. நம் சந்து, அடுத்த சந்து, கிள்ளியாற்றங்கரை வரைக்கும், பெண்கள் பேரில் வீடு இருக்கிற இடமெல்லாம் ஏறி இறங்கினேன். நேசையன் தந்த பழைய பட்டியலில் என்னைத் தவிர இருபத்திரண்டு பேர் இருந்தார்கள், பாதிப் பேருக்குத் தங்களுக்கு ஓட்டு இருப்பதே தெரியாது. மஞ்சள் பெட்டி சம்மதம், சிவப்புப் பெட்டி சம்மதமில்லை என்று ஒவ்வொருத்திக்கும் சொல்லிக் கொடுத்தேன். அம்மா, எனக்கும் ஒரு சீட்டு உண்டும்லா, எவன் சிரிச்சாலும் நான் வாறேன் என்று முத்தாரம்மாள் ஓட்டு நாளன்றைக்கு ஆப்பக்கடையையே மூடிவிட்டாள். எல்லாரும் சேர்ந்து வெயில் ஏறுமுன் ஓட்டுப் போடுகிற பள்ளிக்கூடத்துக்கு நடந்தோம். வாசலில் உன் மாமா நாற்காலி போட்டு, வருகிறவர்களுக்கு வெற்றிலை கொடுத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நான்தான் முதலில் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்த உத்தியோகஸ்தர் மலையாளி, சின்ன வயசு, மரியாதையான ஆள். வீட்டு நம்பரைச் சொன்னேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, லிஸ்டில் அம்மையுடெ பேரில்லல்லோ, ஞான் எந்து செய்யும் என்றார். பட்டியலில் என் பேர் இல்லையாம். வரி கட்டின ரசீதுகளை எடுத்துக் காட்டினேன், சாவதற்கு முன்னால் அப்பா சப்ரிஜிஸ்ட்ராரை வீட்டுக்கே வரவழைத்து என் பேருக்கு எழுதிவைத்த பத்திரத்தைச் சொன்னேன். அவர் பாவம் எழுந்து போய் ஒரு கட்டைப் பிரித்து ஒரு தாளை எடுத்து வந்தார். இந்த வீடு என் அனுபவத்தில் இருக்கிறது, என் தாயார் வயதானவர், காரியங்களைப் பார்க்கும் நிலையில் இல்லை, ஆகையால் வீட்டு வரியை என் பேருக்கு மாற்றி, அவர் பேரைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டியது என்று அதில் எழுதியிருந்தது. அடியில் உன் கையெழுத்து. ‘தா’வின் கால் கீழே நீண்டு சுழியும், எட்டு வயசில் சிலேட்டில் நான் கைபிடித்து எழுதவைத்த கையெழுத்து, எனக்கா தெரியாது? எனக்குப் பின்னால் இருபத்திரண்டு பெண்கள் நின்றார்கள். வாசலில் உன் மாமா நின்றான். பிள்ளையே அம்மாவை வேண்டாம் என்று எழுதியிருக்கிறான் போலிருக்கிறது என்று யாரோ ஓர் ஆள் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. அந்த இடத்தில் செத்துப்போகலாம் என்று தோன்றியது.

ஆனாலும் நான் அங்கிருந்து போகவில்லை. நான் திரும்பினால் பின்னால் நிற்கிறவர்களும் திரும்பிவிடுவார்கள். என் ஆட்சேபத்தை எழுதிக்கொள்ளச் சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார். முற்றத்து மாமரத்தடியில் போய் உட்கார்ந்து, ஒருத்தி உள்ளே போய் வெளியே வந்தபிறகு அடுத்தவளை அனுப்பினேன். கடைசியாக வந்த முத்தாரம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒங்களுக்கும் சேத்து நெனச்சுக்கிட்டுத்தான் சிவப்புல போட்டேன் அம்மா என்றாள். அதுவரைக்கும் வராத அழுகை அப்போது வந்தது.

நம் வார்டில் மூன்று ஓட்டில் சம்மதமில்லை என்று வந்தது. மூன்றே மூன்று. ஆனால் ஊர் முழுக்கக் கூட்டிப் பார்த்ததில் சம்மதம் ஜெயித்துவிட்டது. ஆகவே முத்தாரம்மாளுக்கு இனி ஓட்டுக் கிடையாது, அவள் வீட்டுக்கு வரி ஒன்றரை ரூபாய். நேசையன் இனி நிற்க முடியாது. உன் மாமா வீட்டில் அன்றைக்குப் பாயசம் வைத்து எனக்கும் ஒரு தூக்கு கொடுத்தனுப்பினான், அப்படியே திருப்பி அனுப்பிவிட்டேன். அண்ணன் தம்பி வீட்டுப் பாயசத்தைத் திருப்பி அனுப்பியது என் ஆயுசில் இதுதான் முதல் தடவை. இனி அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு நான் போகப் போவதில்லை. நீ போவதும் போகாததும் உன் இஷ்டம்.

ஓட்டு முடிந்த அன்றே, இது உன் கையெழுத்தா என்று மட்டும் கேட்டு ஒரு கார்டு போட்டிருந்தேன், அதற்கு உன் பதிலும் நேற்றுக் கிடைத்தது. மாமா வரி கட்டும் சௌகரியத்துக்கு என்று சொல்லித் தாளை அனுப்பினார், ஆபீஸ் அவசரத்தில் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். நம்புகிறேன், நீ பொய் சொல்கிறவன் இல்லை. ஆனால் அது எனக்குச் சமாதானம் ஆகவில்லை. அம்மாவுக்குக் காரியம் பார்க்கத் தெரியாது என்று ஒருவன் எழுதிக் கொடுத்ததை நீ வாசிக்கக்கூட நேரமில்லாமல் போனாய். படிக்காதவர்களுக்கு ஓட்டெதற்கு என்று நோட்டீசில் கேட்டவன் நீ. உன்னைப் பி.ஏ. படிக்கவைக்க என் கை வளையல்களை விற்றதற்கு நான் இதுவரை வருத்தப்பட்டதில்லை, அன்றைக்கு மாமரத்தடியில் வருத்தப்பட்டேன்.

இப்போது சங்கதி இதுதான். சித்திரையில் புதுச் சட்டப்படி தேர்தல். நம் வார்டுக்கு இனி ஒரே இடம், அதற்கு உன் மாமா நிற்கிறான். நேற்றைக்கு முன்தினம் நேசையனும் முத்தாரம்மாளும் இன்னும் பத்துப் பேரும் நம் வீட்டுக்கு வந்தார்கள். நேசையன், இனி எங்களுக்கு வழியில்லை, வரிக்கணக்குப்படி நிக்கக்கூடியது இந்தச் சந்தில நீங்க ஒருத்தருதான், நீங்க நில்லுங்கம்மா என்றான். ஒரு பொழுது முழுக்க யோசித்தேன், சரி என்று சொல்லிவிட்டேன். தோற்றாலும் தோற்பேன், பேச எனக்கு மேடையும் தெரியாது. என்றாலும் அவன் எதிரில்லாமல் ஜெயிக்க விடமாட்டேன். அதற்கு என் பேர் பட்டியலில் ஏற வேண்டும். வக்கீல் எழுதிய தாள் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். வீடு அம்மாவுடையது, முந்தின மனுவை வாபஸ் வாங்குகிறேன் என்று நீ கையெழுத்துப் போட்டு ரிஜிஸ்டர் தபாலில் பங்குனி பத்தாம் தேதிக்குள் எனக்குக் கிடைக்கும்படி அனுப்ப வேண்டும். மாமா வேறு தாள் அனுப்புவான், கெஞ்சி எழுதுவான், குடும்ப மானம் என்பான், எல்லாம் எழுதுவான்.

கோமதிக்கும் குழந்தைக்கும் என் ஆசீர்வாதம். நீயும் நன்றாக இருக்கவேண்டும், பத்மநாபசாமி நடையில் உன் பேருக்கும் சேர்த்துத்தான் கும்பிட்டேன். வக்கீல் தாள் தமிழில்தான் இருக்கிறது, ஒரு பக்கம்தான். இதையாவது முதல் வரியிலிருந்து கடைசி வரிவரைக்கும் வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா
வடிவாம்பாள்