ஒன்றரை டிகிரியில் ஒரு சிவப்பு வட்டம்

இன்று காலை டாலிகஞ்ச் மெட்ரோ பக்கத்தில் இருக்கும் லேபில் என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாங்கினேன். கவுன்ட்டரில் இருந்த பெண் சர்க்கரை அளவைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுவிட்டு, "சிந்தா கோர்பேன் நா, மாஷிமா" என்றாள். வட்டமும் போட்டுவிட்டுக் கவலைப்படாதே என்றால் எப்படி? கோபம் வரவேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வட்டத்தைப் பார்த்ததும் நீ வந்து நின்றுவிட்டாய்.

நம் ஆபீசில் சிவப்பு வட்டம் என்றால் 'நம்பாதே' என்று அர்த்தம். அலிப்பூரில், கப்பல் கம்பெனிகளுக்கு வானிலைப் படம் வரைந்து கொடுக்கும் அந்தச் சின்ன ஆபீசில் தொண்ணூற்று மூன்றில் நீ வந்து சேர்ந்தாய். கப்பல்கள் அனுப்பும் காற்று, அழுத்தக் கணக்கையெல்லாம் நீ படத்தில் பென்சிலால் குறிப்பாய். நான் சரிபார்ப்பேன். பொருந்தாத தகவலுக்கு நான் வட்டம் போட்டால், அழுத்தக் கோடு வரைகிறவர்கள் அதை விட்டுவிடுவார்கள். "அந்தச் சிவப்புப் பென்சில் கைக்கு வந்ததுல இருந்து நீ தரையில நடக்கியாட்டி?" என்று உன் தூத்துக்குடித் தமிழில் கேட்பாய். லேக் கார்டன்சில் பிறந்து வளர்ந்த என் தமிழில் பாதி வங்காளம். வாய் நிறையத் தமிழ் எனக்கு உன்னிடம்தான் கிடைத்தது.

படத்தின் அடியில் நிலநடுக்கோடு ஓடும். நாம் டீக் குவளை வைப்பது அங்கேதான். அந்தக் கோட்டிலிருந்து ஐந்து டிகிரிக்குள் புயல் பிறக்காது என்று படித்திருந்தோம். பூமி சுழல்வது அங்கே காற்றை வளைக்கப் போதாது. சுமத்ரா முழுக்க டீக் கறை.

இரண்டாயிரத்து ஒன்று, டிசம்பர் கடைசி வாரம். மத்தியானச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் ஒரு கப்பலின் தகவல் வந்தது. சிங்கப்பூர் பக்கம், ஒன்றரை டிகிரி. புயல் காற்று, அழுத்தம் சரிந்து கிடக்கிறது. நீ குவளையை நகர்த்திவிட்டு அதைக் குறித்தாய். உன் தம்பி வேலை பார்த்த சரக்குக் கப்பல் அந்த வாரம் அந்தக் கடலில்தான் இருந்தது.

"இடத்தைத் தப்பா அனுப்பியிருப்பான்," என்றேன்.

"கப்பல்ல நிக்கவன் ஆடுத ஆட்டத்தப் பாத்துதானட்டி எழுதுவான்?"

"அங்கே புயல் வராதும்மா. வரவே வராது. போய்ச் சாப்பிடு."

வட்டத்தைப் போட்டேன். படித்த பாடத்துக்காகப் பாதி, உன் முகத்துக்காகப் பாதி. நீ நம்பினாய். கொண்டுவந்த புளிச்சோற்றில் எனக்கும் பங்கு வைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டாய்.

மறுநாள் நான்கு கப்பல்கள் அதையே சொல்லின. நம் மேலாளர் மித்ரா பாபு படத்தைக் கையில் எடுத்து, நம் டீக் கறைக்கு நடுவே விரலை வைத்து, "எக்கானே? இங்கேயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நம் படத்தை நம்பி எந்தக் கப்பலும் அந்தப் பக்கம் போய்விடவில்லை. அது அதிர்ஷ்டம், என் சாமர்த்தியம் இல்லை.

மூன்று நாள் தம்பியிடமிருந்து போன் இல்லை. நீ என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வந்தாய், குறித்தாய், வீட்டுக்குப் போனாய். நான்காம் நாள் காலை ஆபீஸ் போன் அடித்தது. அவன் கரை சேர்ந்துவிட்டான், நெற்றியில் இரண்டு தையலோடு. ரிசீவரை வைத்துவிட்டு அழுதாய். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாய்.

"நீ எனக்காவத்தான் வட்டம் போட்ட. அது எனக்குத் தெரியும். இனிமே எனக்காவ வட்டம் போடாதட்டி."

அதற்குப் பிறகு நம் இரண்டு பேருமே சுமத்ராமேல் குவளை வைத்ததில்லை.

ஆறு வருஷம் கழித்து ஒரு காலையில், ரவீந்திர சரோவர் ஏரிக்கரை பெஞ்சில், ஒரு கவரை என் மடியில் வைத்தாய். உன் பரிசோதனை ரிப்போர்ட். லேபில் மாற்றிக் கொடுத்திருப்பார்கள் என்றாராம் உன் வீட்டுக்காரர். இந்த வயதில் இதெல்லாம் வராது என்றானாம் தம்பி, கப்பலிலிருந்து போனில்.

"வீட்டுல எல்லாரும் வட்டம் போட்டாச்சு. நீ பாத்துச் சொல்லு."

இரண்டு தடவை படித்தேன். தப்பாக இருக்கும் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு வரியும் இன்னொன்றோடு பொருந்தியிருந்தது.

"சரியாத்தான் இருக்கு," என்றேன். அதைவிடக் கொடுமையான எதையும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

நீ கவரை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாய். பிறகு என் கையைப் பிடித்து, "அப்ப தம்பிய உடனே வரச் சொல்லணும்," என்றாய். அவன் வந்தான். எட்டு மாதம் உன் பக்கத்திலேயே இருந்தான். கடைசி வாரம்கூட அவனிடம் மீன் குழம்பில் புளி பத்தவில்லை என்று சண்டை போட்டாய்.

விரல் நீளத்துக்குத் தேய்ந்த அந்தச் சிவப்புப் பென்சில் இன்னும் என் கைப்பையில் கிடக்கிறது. இன்று லேபிலிருந்து நேரே வீட்டுக்குப் போகவில்லை. அதே பெஞ்சில் உட்கார்ந்து ரிப்போர்ட்டைப் பிரித்தேன். லேபில் மாற்றியிருப்பார்கள், நேற்று தின்ற சந்தேஷ் இனிப்பாக இருக்கும் என்று மனசு நாலு சாக்கு சொன்னது. பெஞ்சில் உன் பக்கம் காலியாக இருந்தது. பார்த்துச் சொல்ல ஆளில்லாமல் நானே, உன் தமிழில், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன்:

"சரியாத்தான் இருக்குட்டி."