கரடிக்கு மொட்டை வேண்டாம்

இதை யாருக்கும் காட்டிவிடாதே. இறந்துபோன உன்னிடம் இப்படிக் கேட்பது எனக்கே ஒரு மாதிரியாக இருக்கிறது. ஆனால் இந்தத் தாள் அப்பா கையில் கிடைத்தால் என்னை ஹாஸ்டலில் விட்டுவிடுவார். இனி எதிர்த்துப் பேசினால் அங்கேதான் என்று சாப்பிடும்போதே சொல்லிவிட்டார்.

என் தலையணைக்கு அடியில் முடி வெட்டும் மிஷின் இருக்கிறது. செண்பகனூர் சலூனில் அப்பா இரவல் வாங்கி வந்தது. நான்தான் எடுத்து ஒளித்தேன். அதன் எண்ணெய் வாசனையில் பழனி அடிவாரம் ஞாபகம் வந்தது, கூடவே நீயும்.

உன் நாய் கரடி இப்போது எங்கள் வீட்டில். நீ போன பிறகு அதைப் பார்க்கும்போதெல்லாம் உன் அம்மா அழுதார்கள். அதனால் என்னிடம் கொடுத்துவிட்டார்கள். நாளைக்கு வெள்ளனே அப்பா கேரட் லோடோடு அதையும் மலைக்குக் கீழே பழனிக்கு ஏற்றிப் போகிறார். பெரியப்பாவின் தேங்காய் குடோனுக்குக் காவல் வேண்டுமாம். தகரக் கூரை, சித்திரை மாதம்.

"கீழ வெக்கையாத்தான் கெடக்கும். மொட்டையடிச்சு விட்டாச் சரியாப் போயிரும்" என்றார்.

மாமாவும், அதுதான் உன் அப்பாவும், இதையேதான் சொன்னார்.

போன வருஷம் உன் தம்பிக்கு முடியிறக்கப் போனோமே. கரடி இல்லாமல் வரமாட்டேன் என்று நீ அடம்பிடித்தாய். மலையில் பிறந்த நாய், ஸ்வெட்டர் போட்டதுபோல் முடி. வேனை விட்டு இறங்கியதுமே நாக்கைத் தொங்கப்போட்டது. தம்பியின் மொட்டைத் தலையில் சந்தனம் பூசியானதும் மாமா கரடியையும் ஒரு சலூனுக்கு இழுத்துப்போனார். "இதுவும் முருகன் கணக்குல சேரட்டும்" என்றார் சலூன்காரர். நாம் எல்லாரும் சிரித்தோம். வெயில் சுடும் என்று தம்பிக்குத் தொப்பி வாங்கினார்கள். கரடிக்கு யாரும் எதுவும் வாங்கவில்லை.

மதியத்துக்குள் அதன் முதுகு சிவந்துவிட்டது. வேனுக்குத் திரும்பும்போது காலை மாற்றி மாற்றித் தூக்கியது, பிறகு ரோட்டிலேயே படுத்துவிட்டது. வாயில் கெட்டியாக எச்சில். கூப்பிட்டால் திரும்பவில்லை. மாமா அதட்டி எழுப்பப் பார்த்தார். நீ செருப்பைக் கழற்றிவிட்டுத் தார் ரோட்டில் நின்றாய்.

"அப்பா, நீங்களும் கழட்டிட்டு நில்லுங்க."

நீ கத்தவில்லை, அழவுமில்லை. மாமா கழற்றிவிட்டு நின்றார். மறு நிமிஷம் குனிந்து கரடியைத் தூக்கிக்கொண்டார்.

பந்தல் நிழலில் போட்டு வயிற்றிலும் தொடையிடுக்கிலும் பாதத்திலும் குழாய்த் தண்ணீரை ஊற்றினாய். ஜூஸ் கடைக்காரர் ஐஸ் தண்ணீரோடு ஓடி வந்தார். மாமா போனில் பிடித்த மாட்டாஸ்பத்திரி டாக்டர் அது வேண்டாம் என்றார். ஈரத்துண்டால் மூடவும் கூடாதாம், காற்று பட வேண்டுமாம். நான் தாம்பாளத்தால் விசிறினேன். பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய் டிரிப் ஏற்றினார்கள். பொழுது சாயும்போதுதான் எழுந்து நின்றது. முதுகுத் தோல் உரிந்து ஆற மழைக்காலம் ஆயிற்று. அதே மழையில்தான் உனக்குக் காய்ச்சல் வந்தது.

"முடி அதுக்குக் குடை, புள்ள. நாமதான் குடையப் பிடுங்கிட்டோம்" என்று அன்று வேனில் திரும்பி மலையேறும்போது சொன்னாய்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். பழனியில் நாயே இல்லையா, அதுகளுக்கெல்லாம் ஏசியா போட்டிருக்கிறார்கள் என்று கேட்டார். இருக்கின்றன. அவை அங்கேயே பிறந்தவை. வெயில் ஏறினால் நிழலைத் தேடித் தாமே போய்ப் படுத்துக்கொள்ளும். கரடியைச் சங்கிலியில் கட்டப்போகிறார்கள். நிழல் நகர்ந்தால் அது எங்கே போகும்? இங்கேயே இந்த வாரம் உச்சிவேளையில் இரைக்கிறது. தண்ணீர்ச் சட்டியைப் பேரிக்காய் மரத்தடிக்கு மாற்றி, வெயில் வருமுன் நடத்திக் கூட்டி வருகிறேன்.

மிஷினை ஒளித்து என்ன பயன்? பழனியில் சலூனுக்கா பஞ்சம். அதனால் நாளை நானும் வண்டியில் ஏறப்போகிறேன். குடோன் வாசலில், உச்சி வெயிலில், அப்பாவைச் செருப்பைக் கழற்றி நிற்கச் சொல்வேன். உன்னைப்போலவே சொல்ல வேண்டும். எனக்கு அழுகை வந்துவிடும், அதுதான் பயம். அழாமல் "அப்பா" என்று சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். கரடி ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்கிப் பார்க்கிறது.

கதவைத் தட்டுகிறார்கள். கரடி குரைக்கவில்லை, வாலாட்டுகிறது. அப்பாதான். மிஷினைத் தேடியிருப்பார்.

நாளை வரைக்கும் காத்திருந்தால் ஆகாது. இப்போதே சொல்கிறேன்.