இரண்டாவது அடுப்பில் காய்ச்சிய பால்

அஸ்தினாபுரம்,
திங்கட்கிழமை

அன்பு மகள் வினிதாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பா, நான், உன் அண்ணன் சிவகுமார், அண்ணி சினேகா நால்வரும் சௌக்கியம். ஒரே வாரத்தில் அப்பாவுக்கு எடை கூடியிருப்பதைத் தவிர வேறு குறை இல்லை, அதற்கான காரணத்தைக் கீழே எழுதுகிறேன். மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே, குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. இதைப் போனில் சொல்லாமல் ஏன் தாளில் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வரி சொல்வதற்குள் உன் அப்பா பக்கத்தில் நின்று இரண்டு திருத்தம் சொல்வார். கடிதத்தில் அவர் வாய் திறக்க முடியாது. எதிர்வீட்டு ஜெயசீலி அக்காவின் மகள் புதன்கிழமை அங்கே திரும்புகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் நம் சமையலறையைப் பற்றியது. சினேகா பெருங்குடி ஆபீசுக்கு ஏழரைக்குக் கிளம்ப வேண்டும். இருப்பது ஒரே அடுப்பு, அவளுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று நான் ஐந்தரைக்கே எழுந்து என் வேலையை முடித்துவிட்டு வெளியே வந்துவிடுவேன். அத்தைக்குத் தூக்கம் கெடுகிறதே என்று அவள் ஐந்து மணிக்கு எழுந்தாள். நான் நாலரைக்கு எழுந்தேன். இப்படி ஒருத்திக்கொருத்தி விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து போன மாதம் ஒரு நாள் நாலு மணிக்கு நம் வீட்டில் குக்கர் விசில் அடித்தது, தெருநாய் குரைத்தது, உன் அப்பா திருடன் என்று நினைத்து டார்ச் லைட்டோடு வந்தார். வந்தவர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

மூன்றாம் நாள் குரோம்பேட்டையிலிருந்து நாலு பர்னர் கண்ணாடி அடுப்பு ஒன்றோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். என்னிடம் சினேகாவுக்குச் சௌகரியமாக இருக்கும் என்றார், அவளிடம் உன் அத்தைக்குச் சௌகரியமாக இருக்கும் என்றார், அதோடு கடமை முடிந்தது என்று குளிக்கப் போய்விட்டார். அவள் கேட்டுத்தான் வாங்கினார் என்று நான் நினைத்தேன், நான் சொல்லித்தான் வாங்கினார் என்று அவள் நினைத்தாள். மாட்ட வந்த மெக்கானிக் அன்பு, இன்னா சார், மெஸ் எதுனா வெக்கப் போறீங்களா என்று கேட்டான். பழைய அடுப்பைச் சுவரோரம் தள்ளி, புதியதை ஜன்னல் பக்கம் வைத்து, மேடைக்கல்லில் இன்னொரு துளை போட்டு, இருந்த இரண்டு சிலிண்டரை அடுப்புக்கு ஒன்றாக மாட்டினான். பழையதில் மூன்று, புதியதில் நாலு, ஆக ஏழு பர்னர். மேடை முழுக்க அடுப்பே ஆகிவிட்டதால் மிக்சி ஹாலுக்குப் போய் டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. செய்தி ஓடும்போது சட்னி அரைக்கக் கூடாது என்று அப்பா சட்டம் போட்டிருக்கிறார்.

இனி நான் அடித்த கூத்தைக் கேள். புது அடுப்பாயிற்றே, வெறுமனே பற்ற வைக்கலாமா என்று வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து, ஆசையாகச் சினேகாவைக் கூப்பிட்டு, நீயே பால் காய்ச்சும்மா என்றேன். அவள் முகம் செத்துப்போயிற்று. கண்ணைத் துடைத்தாள், கேட்டதற்குப் புகை என்றாள். காஸ் அடுப்பில் ஏது புகை என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். உன் அப்பா வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும்தானே, மருமகளைத் தனிக்குடித்தனம் அனுப்புவதென்றால் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள், புது அடுப்பு ஒன்றை வாங்கி வைத்து மாமியார் அவளைப் பால் காய்ச்சச் சொல்வாள், அவ்வளவுதான். பள்ளிக்கரணையில் உன் கிளியம்மாள் அத்தை போன தை மாதம் மூத்த மருமகளை அப்படித்தான் அனுப்பினார், நானும் சினேகாவும் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பாலைக் குடித்துவிட்டு வந்தோம். முப்பத்திரண்டு வருஷம் இந்தக் குடும்பத்தில் குப்பை கொட்டியும் அது எனக்கு அந்த நேரத்தில் புத்தியில் உறைக்கவில்லை. போதாக்குறைக்கு ஜெயசீலி அக்காவுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தேன். இந்த வழக்கம் தெரிந்த அவர் பாலைக் குடித்த கையோடு உன் அத்தைக்குப் போன் போட்டுத் துக்கம் விசாரித்திருக்கிறார்.

மத்தியானமே உன் அத்தை ஆட்டோவில் வந்துவிட்டார். கையில் எவர்சில்வர் குடம், அரிசி, உப்பு, முறம், எல்லாம் புதுக்குடித்தனத்துக்காம். ஹாலில் உட்கார்ந்து, இன்னா ஹேமா, எனுக்கு மூணு புள்ள, ஒண்ண அனுப்புனாலும் வூட்ல ரெண்டு கீது, உனுக்குக் கீறதே ஒரு புள்ள, அவனையும் அனுப்பிட்டு இன்னா பண்ணப்போற என்று ஒரு மூச்சு அழுதார். நான் யாரையும் அனுப்பவில்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் சினேகா எழுந்து வந்து குடத்தை வாங்கிக்கொண்டாள். சரி, போகிற எண்ணம் அவளுக்கே இருக்கிறது, அதற்குத்தான் அடுப்பு கேட்டிருக்கிறாள் என்று நான் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் அடுப்பில் அவள், என் அடுப்பில் நான். ஆனால் தனக்கு மட்டும் சமைக்க யாருக்கு மனசு வரும், இருவருமே நாலு பேருக்கும் சமைத்தோம். இரண்டு சாம்பார், இரண்டு ரசம், இரண்டு பொரியல். எதைத் தொடாமல் விட்டாலும் வம்பு என்று உன் அப்பா எல்லாவற்றையும் சாப்பிட்டார், நன்றாக வேண்டும் அவருக்கு. முதல் இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சில்லை. மூன்றாம் நாள் அவள் தாளிக்கும்போது பெருங்காயம் தீர்ந்துவிட்டது, நான் என் டப்பாவை நீட்டினேன். அப்புறம் அவள் ஆபீஸ் மேனேஜர் செய்யும் அழிச்சாட்டியத்தைச் சொன்னாள், நான் உன் அப்பா செய்வதைச் சொன்னேன். அவளுக்கு இவ்வளவு சிரிக்க வரும் என்றே எனக்குத் தெரியாது. அதுவே எனக்குப் பயத்தைக் கொடுத்தது, போகப்போகிறவள் என்பதால்தான் இவ்வளவு இதமாகப் பேசுகிறாள் என்று.

நான் நினைத்தபடியே சனிக்கிழமை உன் அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே, பொழிச்சலூர்ல ஒரு வீடு பார்த்திருக்கோம், நாளைக்கு அட்வான்ஸ் குடுக்கணும் என்றான். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை வினிதா. நீ விமானம் ஏறியபோது மகன் பக்கத்தில் இருக்கிறான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். இவர்களும் போய்விட்டால் வீட்டில் நானும் உன் அப்பாவும் ஏழு பர்னரும்தான்.

நேற்று காலை முதல் வேலையாக அன்புவை வரவழைத்து, புது அடுப்பைக் கழற்று என்றேன். அது போய்விட்டால் இவர்கள் இருந்துவிடுவார்கள் என்று ஒரு நப்பாசை. அவன் ரெகுலேட்டரில் கை வைத்ததும் சினேகா ஓடிவந்து அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டாள். தனியாகப் போகத்தானே நீ இதைக் கேட்டாய் என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. நானா கேட்டேன், நீங்கதானே அத்தை வாங்க வெச்சு, பால் காய்ச்சச் சொல்லி, எங்களைப் போகச் சொன்னீங்க என்றாள். இருவரும் திரும்பி உன் அப்பாவைப் பார்த்தோம். அவர் பால் வாங்கி வருகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார், பிரிட்ஜில் மூன்று பாக்கெட் இருந்தது. நான் யாரையும் போகச் சொல்லவில்லை, அப்படியானால் நீங்கள் போகவில்லையே என்று கேட்டேன். போகலை என்றாள். எனக்கு உயிர் வந்தது. அப்புறம் இந்த அடுப்பு எதற்கு, கழற்றட்டும் என்றேன். அவள் நகரவில்லை. வேணாம் அத்தை, ஒரு அடுப்பு இருந்தப்போ நான் வந்தா நீங்க போயிடுவீங்க, நீங்க போனப்புறம்தான் நான் வருவேன், கல்யாணமாகி நாலு வருஷத்துல இந்த ஒரு வாரம்தான் நாம சேர்ந்து நின்னு சமைச்சிருக்கோம் என்றாள். அன்புவின் கையை ரெகுலேட்டரிலிருந்து எடுத்துவிட்டேன். அவன், அப்போ நான் கெளம்பட்டா மேடம் என்று கேட்டான். இரு, இரண்டு பேரும் டிபன் செய்கிறோம், சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன்.

உன் அண்ணன் பொழிச்சலூர் வீட்டுக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் எல்லோருடைய ஆசியும் உண்டு, நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகப் போடு, டீயோடு சேர்த்துப் போடாதே. இன்னொன்று, எனக்கு ஒரு தரம், அண்ணிக்கு ஒரு தரம் என்று நீ தனித்தனியாகப் போன் செய்கிறாய் அல்லவா, இனிமேல் அப்படி வேண்டாம். எங்களுக்குக் காலை ஆறரை ஆகும்போது கூப்பிடு, போனை ஜன்னலில் சாய்த்து வைத்தால் இரண்டு பேருமே தெரிவோம்.

உன் அழைப்பை எதிர்பார்க்கும் அம்மா,
ஹேமாவதி