இரண்டாம் என்ஜினின் நடுக்கம்

பதிவு 61. செவ்வாய், காலை 06:10

சுற்றுப்பாதை எரிபொருள் கிடங்கு. பணியில் ஒரே ஆள்: ஜெரால்டு மோத்தா, நான்தான். தொட்டி அழுத்தம் சரி. ஆக்சிஜன் சரி. கரியமில வாயுவை உறிஞ்சும் கருவி சரி. ஒரு மின்விசிறி கிறீச்சிடுகிறது, கிடக்கட்டும்.

கீழே இன்று ஏதோ ஒரு நாட்டில் புது ராக்கெட் ஒன்றைச் சோதித்தார்கள். கிளம்பி ஒரு நிமிடத்துக்குள் சுக்குநூறு. நான் கைதட்டினேன். செய்தியில் ‘தோல்வி’ என்று போட்டிருப்பார்கள். இவர்களுக்கு யார் போய்ச் சொல்வது? பத்து வருடம் தரையில் வைத்து அழகு பார்த்துவிட்டு ஒருமுறை ஏவுவது பழைய முறை. கட்டு, ஏவு, வெடித்தால் ஏன் என்று பார், அடுத்ததை ஏவு என்பது இன்றைய முறை. ஒரு வெடிப்பில் கிடைக்கும் தகவல் நூறு கூட்டம் போட்டாலும் கிடைக்காது. தூத்துக்குடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த என்னை இந்த வேலைக்கு எடுத்ததே, இதைப் பற்றி விடாமல் வீடியோ போட்டுக் கத்தியதால்தான்.

பதிவு 63. புதன், மாலை 17:30

எரிபொருள் மாற்றும் சோதனை. வால்வு அடைத்துக்கொண்டது. அழுத்தம் தாங்காமல் குழாய் வெடித்தது. நான் வீடு திரும்ப வேண்டிய கலம் அந்தப் பக்கம்தான் இணைந்திருந்தது. கிடங்கில் இருந்ததோடு சேர்ந்து அதன் எரிபொருளும் முழுவதும் வெளியே போய்விட்டது. வெயிலில் பொடிப்பொடியாக மின்னிக்கொண்டு போனது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அந்த அதிர்ச்சியில் கரியமில வாயுவை உறிஞ்சும் கருவியும் செத்துவிட்டது. கையிருப்பில் உள்ள உறிஞ்சு பெட்டிகள் ஞாயிறு வரை தாங்கும். ஆக்சிஜன் தாராளமாக இருக்கிறது. விடும் மூச்சுதான் என்னைக் கொல்லும்.

பயப்பட வேண்டும் என்று தெரிகிறது. பயம் வரவில்லை.

பதிவு 64. வியாழன், காலை 09:15

ஏவுதள இயக்குநர் கோமதிநாயகம் பேசினார். சரக்கு ஏற்றுவதற்காகக் கட்டிய ராக்கெட் ஒன்று மேடையில் நிற்கிறது. அதன்மேல் ஆள் ஏறும் கலத்தை மாட்டிச் சனிக்கிழமை காலை அனுப்பலாம். ஓட்டி வருவது ஃபஸ்லினா, என்னோடு பயிற்சி எடுத்த காயல்பட்டினத்துப் பெண். ஒரே சிக்கல்தான். ஏவுவதற்கு முன் ராக்கெட்டை மேடையோடு இறுக்கிப் பிடித்து என்ஜின்களை ஒருமுறை கொளுத்திப் பார்ப்பார்கள். அதைச் செய்தால் சனிக்கிழமை நடக்காது.

“மோத்தா, நீதானப்பா எப்பவும் சொல்லுவ, பறக்கவிட்டுத்தான் பாக்கணும்னு. இப்ப என்ன சொல்லுத?”

சோதனை வேண்டாம் என்றேன். அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. கடைசியில் ஃபஸ்லினா இணைப்பில் வந்து தன் இருக்கை கல்லு மாதிரி இருக்கிறது, திரும்பும்போது அதில் நான்தான் உட்கார வேண்டும் என்றாள். சரி என்றேன்.

பதிவு 65. வெள்ளி, பகல் 12:40

மேடையின் படம் அனுப்பினார்கள். எவர்சில்வர் பாத்திரம் போலப் பளபளக்கிறது. அடியில் ஒன்பது சின்ன என்ஜின்கள். ஒன்று படுத்தாலும் மற்ற எட்டும் தூக்கிவிடும் என்பது இந்தக் காலத்து ராக்கெட்டுகளின் பெருமை. நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆனால் படுப்பது வேறு, வெடிப்பது வேறு. ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பது எதுவும் மிஞ்சாது. ஆபத்து வந்தால் கலத்தை மட்டும் பிய்த்துக்கொண்டு ஓடும் சின்ன ராக்கெட்டும் இதில் இல்லை. பொருத்த நேரமில்லை.

இன்று சாப்பிட மறந்துவிட்டேன்.

பதிவு 66. சனி, காலை 07:40

தலைவலி. காற்றில் கரியமில வாயு இரண்டு சதவீதம். ஏவும் குழுவின் இணைப்பில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். ராக்கெட்டின் அளவுகள் எல்லாம் என் திரைக்கும் வருகின்றன. துணைக்கு இருக்கட்டும் என்று செய்தது.

எங்கள் தளத்தில் ஒரு வழக்கம் உண்டு. இணைப்பில் இருக்கும் யார் வேண்டுமானாலும் ‘நிறுத்து’ என்று சொல்லலாம். வாசல் காவல்காரர் சொன்னாலும் ஏவும் எண்ணிக்கை நிற்கும். அந்த நேரத்தில் யாரும் காரணம் கேட்கக்கூடாது. நின்றால் எரிபொருளை முழுக்க இறக்கிவிட வேண்டும், சமாதானம் பேசித் தொடரக்கூடாது. இறக்கினால் மறுபடி குளிர்ந்த ஆக்சிஜன் லாரிகளில் வந்து சேரப் புதன்கிழமை ஆகும். ஒருமுறை மேடைப் பக்கம் மாடு நின்றதற்காகக் காவல்காரர் நிறுத்தினார். அதைக் கிண்டல் செய்து வீடியோவே போட்டேன். நல்ல கூட்டம் பார்த்தது.

08:04

இரண்டாம் என்ஜின். பம்புக்கு வரும் ஆக்சிஜனின் அழுத்தம் நடுங்குகிறது. அனுமதித்த எல்லைக்குள்தான். கணினி பச்சை காட்டுகிறது. கீழே யாரும் எதுவும் சொல்லவில்லை.

இதே நடுக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். சில வருடம் முன்பு வெடித்த ஒரு சோதனையில். ஆளில்லாத ராக்கெட் அது. அந்த அளவுகளை நொடி நொடியாக நிறுத்திப் பார்த்தவன் நான். அதேதானா? காற்று கெட்டால் இல்லாததெல்லாம் தெரியும் என்று பயிற்சியில் சொன்னார்கள்.

08:07

போனால் நான் பிழைக்கலாம். நின்றால் பிழைக்கமாட்டேன். அந்த வெடிப்பில் தகவல் கிடைத்தது. இதில் மேலே ஃபஸ்லினா உட்கார்ந்திருக்கிறாள்.

08:08

“நிறுத்து. மோத்தா பேசுறேன். நிறுத்து.”

எண்ணிக்கை நின்றது. பிறகு கோமதிநாயகம், “நீயாடே” என்றார். காரணம் கேட்கவில்லை. இரண்டாம் என்ஜினைப் பாருங்கள் என்று நானாகச் சொன்னேன்.

பதிவு 67. ஞாயிறு, காலை 11:00

என்ஜினைக் கழற்றிப் பார்த்துவிட்டார்கள். பம்பில் குறையில்லை. குழாயில் குறையில்லை. வால்வில் குறையில்லை. அழுத்தத்தை அளக்கும் கருவியின் ஒயர் ஒன்று லேசாகத் தளர்ந்திருந்தது. நடுங்கியது ஒயர்தான். நேற்று ஏவியிருந்தால் ராக்கெட் இங்கே வந்து சேர்ந்திருக்கும்.

இதைக் கோமதிநாயகம்தான் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் மைக்கை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்குக் கோபம் வருகிறதா என்று பார்த்தேன். இல்லை. அழுகையும் இல்லை. ஒயர் எந்த நிறம் என்று கேட்டேன். நீலமாம்.

பிறகு ஃபஸ்லினா வந்தாள்.

“அண்ணே, ஒயருன்னு தெரிஞ்சிருந்தா நான் போயிருப்பேன். தெரியாதுல்லா. உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.”

இணைப்பை அவள் துண்டிக்கவில்லை. அவள் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டே இருந்தது. நன்றாக மூச்சு விடுகிறாள்.

பதிவு 68. திங்களாக இருக்கலாம்

கடைசிப் பெட்டி தீர்ந்தது. ஆறு சதவீதம். விரல் சொன்னபடி கேட்கவில்லை.

புதனன்று ஏவுகிறார்கள். இனி எதற்கு என்றேன். கேட்கவில்லை. இந்த முறை என்ஜினைக் கொளுத்திப் பார்த்துவிட்டு அனுப்பச் சொன்னேன். அதற்குச் சரி என்றார்கள். நல்ல வண்டி. வந்துவிடும்.

ஃபஸ்லினாவுக்கு. கதவை உள்ளே பூட்டவில்லை. இடது கைப்பிடி முதலில். பிறகு சிவப்பு. ஹெல்மெட்டைக் கழற்றாதே. அவசரத்தில் கழற்றுவாய், உன்னைத் தெரியும். காற்றின் மீட்டரைப் பார். ஒரு சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகுதான்.

கதவுப் பக்கம் மிதந்து வந்து உன்மேல் இடிக்கக்கூடாது என்று பின்சுவரில் கட்டிக்கொண்டேன். முகம் சுவர்ப் பக்கம். திருப்ப வேண்டாம்.

பயம் இப்போதுதான் வருகிறது. கொஞ்சம்தான்.

இரண்டாம் என்ஜின் எப்படி ஓடியது என்று எழுது. அழுத்தம், வெப்பம், எல்லாம். கீழே இடம் விட்டிருக்